70 கிரெயினும் 40 கிரெயினும்

இங்க அமெரிக்காவுல ரைஃபிள் தோட்டாவை வீட்லயே நிரப்பிக்கிற ஆளுங்க நிறைய. மருந்தைத் தராசுல நிறுத்துப் போடறதைப் பாத்தா நகைக்கடை ஞாபகம்தான் வரும் :-) ஆனா அந்தத் தராசுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு மக்களே.

1873-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா .45-70. அதுல 70-ங்கிறது கருமருந்தோட எடை, கிரெயின் கணக்குல. (கிராம் இல்லீங்க! ஒரு கிராமுக்கு சுமார் 15.4 கிரெயின். நம்மூர் குன்றிமணியில ஏறக்குறைய பாதி.) அவ்வளவு போட்டாலே பித்தளைக் கூடு நிறைஞ்சிடும். மறதியா ரெண்டாவது கரண்டி போட்டா வழிஞ்சு கொட்டிடும். கூடே காவல்காரன்!

1884-ல் பால் வியெய்ங்கிற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார். அதே எடைக்கு மூணு மடங்கு சக்தி. 1892-ல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த கிராக் ரைஃபிளோட .30-40 தோட்டாவுல 40 கிரெயினே போதும். இதைப் பழைய கரண்டியால பழைய அளவுக்கு அள்ளினா குழலே வெடிக்கும். கை, கண் எதுவும் தப்பாது. போதாததுக்கு, கருமருந்து அளவுக்கே அள்ளிப் போடற மாதிரி 'பல்க்' மருந்துன்னு ஒண்ணையும் கம்பெனிகள் வித்தாங்க. எந்த டப்பாவுல எதுன்னு மாறிப்போனா கதை முடிஞ்சது.

சில மருந்து கூட்டுல பாதிகூட நிறையாது. ரெண்டு தடவை விழுந்தாலும் வழியாது. அதான் இப்பவும் மேசையில ஒரே ஒரு மருந்து டப்பா. குண்டைப் பொருத்துறதுக்கு முன்னாடி எல்லாக் கூட்டையும் வரிசையா நிறுத்தி, டார்ச் அடிச்சு மட்டம் பாக்கிறாங்க.