காயப் பராமரிப்பில் கையுறை

காயத்துக்குக் கட்டுப் போடும்போது செவிலியர் அணியும் ரப்பர் கையுறை, நோய்த்தொற்றைத் தடுப்பதற்காக உருவானதல்ல. ஒரு செவிலியின் கைத்தோலைக் காக்கவே அது வந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அரங்கில் பணியாற்றிய கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிநாசினியான பாதரசக் குளோரைடு கரைசலால் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்காக மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். (1890இல் இருவரும் மணந்துகொண்டனர்.) கையுறையால் நோயாளிக்கும் சீழ் பிடிப்பது குறைகிறது என்பதை ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் 1899இல்தான் எழுதினார்.

அறுவை அரங்குக்கு வெளியே கையுறை பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த நிலையை மாற்றியது எய்ட்ஸ். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அப்போது அவரிடம் கையுறைகூட இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கே ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது.

யாருக்குத் தொற்று உள்ளது என்பது பார்வைக்குத் தெரியாது. எனவே எல்லோருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்ற விதியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987இல் விரிவாக வெளியிட்டது. கையுறை மீண்டும் பணியாளரின் காப்பானது. இதில் ஒரு சிக்கலும் வந்தது. தன்னைக் காக்க அணிந்த கையுறையுடனே அடுத்த கட்டிலுக்குச் செல்பவர், கிருமியையும் கொண்டுசெல்கிறார். கையுறை கை கழுவுவதற்கு மாற்றல்ல.

நாள்பட்ட காயங்களில் இது பெரும் தொல்லை. படுக்கைப்புண், நீரிழிவுக் கால்புண் போன்றவற்றில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் நோய்க்குறி எதுவும் காட்டாமல் நெடுநாள் தங்கும். இதனால் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில், நாள்பட்ட காயம் உள்ளவருக்குக் கட்டு மாற்றும்போதும் குளிப்பாட்டும்போதும் கையுறையுடன் மேலங்கியும் அணிய வேண்டும் என்ற பரிந்துரை 2022இல் விரிவாக்கப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக் கட்டாயமானது. அங்கே 'நர்சிங் ஹோம்' எனப்படுவது இத்தகைய இல்லமே. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ அந்தப் பெயர்ப்பலகை பெரும்பாலும் சிறு தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். நம் ஊரில் படுத்த படுக்கையான முதியவரின் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது பெரும்பாலும் வீட்டில் மகளோ மருமகளோதான்.

இந்தியாவில் கழற்றிய கையுறைக்கும் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சீழும் இரத்தமும் படிந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கும், கையுறை சிவப்புப் பைக்கும் போக வேண்டும்.