இரண்டு டாலர் நோட்டில் இல்லாத எலிசபெத்

எங்கள் திருக்கடையூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரி வயலில் ஆட்டை அடைத்துப் போடுவதுதான் கிடை. புழுக்கை வயலுக்கு உரம், கீதாரிக்குக் கூலி. எங்களுக்குச் செம்மறி என்றால் உரம், இல்லாவிட்டால் கறி. அதன் ரோமத்தை விற்றே ஒரு நாடு பெரிய ஆளாகும் என்பது பி.காம் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த நாடு ஆஸ்திரேலியா.

1966-ல் அங்கே டாலர் நோட்டு வந்தபோது, இரண்டு டாலரில் ஜான் மெக்கார்தர் முகத்தையும் ஒரு மெரினோ கிடாவையும் போட்டார்கள். (1988-ல் அந்த நோட்டுக்குப் பதில் நாணயம் வந்துவிட்டது.) கம்பளித் தொழிலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் வருடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன், கணக்கு இடிக்கிறது!

ஜான் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1790-ல் மனைவி எலிசபெத்தோடும் கைக்குழந்தையோடும் சிட்னி வந்து இறங்கினார். 1794-ல் கல்கத்தாவிலிருந்து வந்த 60 வங்காள ஆடுகளை வாங்கினார். ஆமாம், நம்ம ஊர் ஆடுகள்தான். அவற்றுக்கு முரட்டு ரோமம். அயர்லாந்துக் கிடாவோடு சேர்த்தபோது, பிறந்த குட்டிகளின் உடம்பில் கம்பளியும் கலந்து வளர்ந்தது. பிறகு 1797-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து மெரினோ ஆடுகள் வர, அவற்றிலும் சிலவற்றை வாங்கினார்.

இதுவரை சரி. 1801-ல் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைக் காயப்படுத்தினார். விசாரணைக்கு இங்கிலாந்து அனுப்பினார்கள். 1805-ல்தான் திரும்பினார், அதுவும் ராஜாவின் மந்தையில் வாங்கிய மெரினோக்களோடும் 5,000 ஏக்கர் நிலத்துக்கான உத்தரவோடும். சாமர்த்தியசாலிதான். ஆனால் சும்மா இருக்கவில்லை. 1808-ல் கவர்னர் பிளையைச் சிறைபிடித்த கலகத்தில் முன்னால் நின்றார். 1809-ல் மறுபடி இங்கிலாந்து. ஊர் திரும்பியது 1817-ல்.

கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 12 வருடம் ஆள் ஊரிலேயே இல்லை. கடிதம் கப்பலில் போய்ச் சேரவே மாதக்கணக்காகும் காலம். ஜான் லண்டனில் கம்பளிச் சந்தையைப் படித்து யோசனை எழுதி அனுப்பினார், உண்மை. ஆனால் மந்தையைப் பெருக்கியது, ஆட்களை வேலை வாங்கியது, கம்பளியைக் கப்பல் ஏற்றியது, கூடவே பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் எலிசபெத். 1822-ல் லண்டன் கலைச் சங்கம் அந்தக் கம்பளிக்கு இரண்டு தங்கப் பதக்கம் கொடுத்தது. வாங்கிய பெயர் ஜானுடையது. அவர் 1834-ல் இறந்தார், எலிசபெத் 1850 வரை இருந்தார்.

இந்தக் கணக்கில் விட்டுப்போனவர் எலிசபெத் மட்டும் இல்லை. ஆடு மேய்த்தவர்களில் பலர் அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த கைதிகள். அந்த 5,000 ஏக்கர் தாராவல் பழங்குடி மக்களின் மண். 1816-ல் பக்கத்தில் உள்ள ஆப்பின் என்ற இடத்தில் கவர்னர் அனுப்பிய சிப்பாய்களால் குறைந்தது 14 பேர் செத்தார்கள். நிலத்தின் விலை என்ற பத்தியில் இதை எப்படி எழுதுவது? எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு வழி இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் அப்பா சிங்கப்பூர் போய் 9 வருடம் ஆகிறது. நடவு, கிடை, கூலி, நெல் விற்பது எல்லாம் அம்மாதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் கிடை போட வந்த கீதாரி, "தம்பி, இது யாரு வயலு?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் அப்பா பெயரைச் சொன்னேன்.

அடுத்த முறை கேட்டால் அம்மா பெயரைச் சொல்ல வேண்டும்.