உள்ளங்கையில் ஒரு கார்

மரத்தாலும் களிமண்ணாலும் சின்னஞ்சிறு மோட்டார் கார்கள் செய்த பிள்ளைகளைப் பற்றி ஓர் இலக்கியத் தொடரில் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு கலை எவ்வாறு கற்கப்படுகின்றது, கற்றவன் அதை மற்றவனுக்கு எவ்வாறு கையளிக்கின்றான் என்ற வினா கவிஞனுக்கும் தச்சனுக்கும் பொதுவானது. அந்த வினாவோடுதான் அமெரிக்காவில் 38 ஆண்டுகள் நடந்த ஒரு போட்டியின் கதையை நான் படிக்கத் தொடங்கினேன்.

டெட்ரொய்ட் நகரிலே 1908 ஆம் ஆண்டு பிஷர் சகோதரர்கள் ஒரு கொம்பனியைத் தொடங்கினார்கள். குதிரை வண்டி கட்டும் குடும்பத்திலே பிறந்தவர்கள் அவர்கள். மோட்டார் வாகனத்தின் இயந்திரத்தை யாரோ செய்வார்கள். அதன் மேற்கூட்டை, அதாவது உடலை, இவர்கள் செய்து கொடுப்பார்கள். 1919 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் அக்கொம்பனியின் பெரும்பங்கை வாங்கியது. 1926 இல் முழுவதையும் வாங்கிக்கொண்டது. பிஷர் கொம்பனியின் சின்னம் ஒரு குதிரை வண்டி. பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் காலத்து அரச வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு வரைந்தது. அந்தச் சின்னத்தை அப்படியே சிறிய வடிவில் செய்து காட்டும்படி 1930 இல் அமெரிக்கச் சிறுவர்களுக்கு ஓர் அழைப்பு விடுக்கப்பட்டது. பிஷர் கைவினைஞர் கழகம் பிறந்தது.

காலத்தைக் கவனியுங்கள். 1929 இல் பங்குச் சந்தை சரிந்து, ஆலைகள் மூடி, தந்தையர் வேலையின்றி வீட்டுத் திண்ணையில் குந்தியிருந்த நாட்கள். அந்த நாட்களில், வென்றவர்களுக்கு 5,000 டொலர் பெறுமதியான பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் என்றார்கள். பல்கலைக்கழகப் படிப்பைக் கனவிலும் காணமுடியாத வீடுகளில் அந்தத் தொகை என்ன அர்த்தம் தந்திருக்கும்! 1931 இல் அதைப் பெற்றவர்களுள் ஒருவர் இந்தியானா மாநிலத்து டொனால்ட் பர்ன்ஹாம். அவர் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். பிற்காலத்தில், 1963 இல், வெஸ்டிங்ஹவுஸ் என்னும் பெருநிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெயரைப் பதிந்தவர்கள் பல இலட்சம். வண்டியைச் செய்து முடித்தவர்கள் சொற்பம்.

அது இலேசான வேலையன்று. மரத்தைச் செதுக்கவேண்டும், உலோகத்தை வளைக்கவேண்டும், உள்ளே மெத்தை தைக்கவேண்டும், கதவு திறந்து மூடவேண்டும், அதன் மேல் வர்ணமும் தங்கப்பூச்சும். நான்கு தொழிலாளிகளின் வேலை ஒரு பையனின் தலையில். வரைபடம் எல்லாருக்கும் ஒன்றே. அதில் உள்ளதை மயிரிழையும் பிசகாமற் செய்தவனுக்கே வெற்றி.

இங்கேதான் எனக்கு இக்கதை சுவையாகின்றது. 1937 இல் கழகம் இன்னொரு போட்டியையும் சேர்த்தது. இம்முறை வரைபடம் இல்லை. நாளைய காரை நீயே கற்பனை செய், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அதைச் செய்துகொண்டு வா என்றார்கள். ஐந்து மீற்றர் நீளமான கார் ஏறக்குறைய 42 சென்ரிமீற்றராகிவிடும். நமது கவிதை உலகில் யாப்புக்கும் புதுக்கவிதைக்கும் இடையே நடந்த வழக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு பக்கம் அளந்து கொடுத்த அச்சு, மறுபக்கம் கட்டற்ற வெளி. பத்தாண்டுகளுக்கு மேலாக இரண்டும் அருகருகே நடந்தன. 1948 உடன் வண்டிப் போட்டி நின்றது, கார் தொடர்ந்தது. வண்டிப் போட்டி போனதில் எனக்கு வருத்தம்தான். இலக்கணத்தைக் கையால் உணர்ந்தவன் அதை மீறும்போது வரும் மீறலுக்குத் தனி அழகு உண்டு என்ற பழைய கொள்கைக்காரன் நான்.

காரின் போட்டியில் வயது எல்லை உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வரை, இளையோர் மூத்தோர் என்று இரண்டு பிரிவு. சிறுமிகளுக்கு இடமில்லை. எத்தனை நல்ல கைகள் வாசலுக்கு வெளியே நின்றிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. கடைசிவரை இந்தக் குறை திருத்தப்படவேயில்லை.

உள்ளே வந்தவர்களோ, கிடைத்ததைக் கொண்டு வேலை செய்தார்கள். மென்மரத் துண்டு, பாரிஸ் சாந்து, சவரக் கத்தி, வீட்டுக் குசினியில் கிடந்த கரண்டி. பின்புறச் சிவப்பு விளக்குக்குப் பல்துலக்கும் தூரிகையின் சிவப்புக் கைபிடியை அறுத்துத் தேய்த்துப் பொருத்தியவர்களும் உண்டு. வர்ணத்தைப் பூசுவதும், மணல் கடதாசியால் தேய்ப்பதும், மறுபடி பூசுவதுமாக மாதங்கள் கழியும்.

இந்த நுட்பங்களை ஒருவன் எங்கே கற்றான்? கழகம் அங்கத்தவர்களுக்கென்று ஒரு பத்திரிகை அனுப்பியது. கார் எப்படி வடிவம் பெறுகிறது, களிமண்ணை எப்படிச் செதுக்குவது, முன்னர் வென்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதிலே வரும். கழகத்தின் பிரதிநிதிகள் வென்ற மாதிரிகளை எடுத்துக்கொண்டு பாடசாலை மண்டபங்களுக்குச் சென்று காட்டினார்கள். இப்போதெல்லாம் போட்டி என்றாலே ஒளிப்பு மறைப்புத்தானே. அங்கே நேற்று வென்றவனுடைய கைவழி, இன்று முயல்பவனுக்குத் திறந்துவைக்கப்பட்டது. பரிசைவிட இதுவே பெரிய கொடை என்பது என் எண்ணம்.

இதெல்லாம் தர்ம காரியம் என்று மயங்கிவிடவும் வேண்டாம். சிறுவன் தன் பெயரைப் பதிவதற்குக் கார் விற்பனை நிலையத்துக்குப் போகவேண்டும். சில வேளை தந்தையும் கூடப் போவார். பிள்ளையின் மனதில் கொம்பனியின் பெயர் பதிந்துவிடும். அத்துடன், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கிடந்த திறமைசாலிகளின் பட்டியல் செலவில்லாமல் கைக்கு வந்துசேரும். ஜெனரல் மோட்டோர்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், களிமண்ணில் காரைச் செதுக்கிப் பார்க்கும் முறையைத் தொழிலிலே நிலைநிறுத்தியவர். அவருடைய கூடத்திலே நடந்ததைத்தான் இந்தப் பிள்ளைகள் வீட்டு மேசையில் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுள் ஒருவர் சார்ள்ஸ் ஜோர்டன். கலிபோர்னியாக்காரர். மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் மாதிரி செய்து, 1947 இல் தேசிய முதற்பரிசை வென்றார். 1949 இல் ஜெனரல் மோட்டோர்ஸில் சேர்ந்தார். வானத்தைக் கிழிப்பதுபோல் வால் உயர்ந்த 1959 ஆம் ஆண்டு கடிலக் காரோடு அவர் பெயரும் பேசப்படுவதுண்டு. 1986 இல் அக்கொம்பனியின் வடிவமைப்புத் தலைவராகவே ஆனார். ஹார்லி ஏர்லின் நாற்காலியில், ஒரு காலத்தில் மரத்துண்டு செதுக்கிய பையன்!

1968 இல் கழகம் மூடப்பட்டது. அதற்குள் வேறொன்று வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. மிச்சிகன் மாநிலத்து ஏ.எம்.ரி. கொம்பனி, விற்பனை நிலையங்களில் விளம்பரத்துக்காகக் கொடுக்கப்பட்ட சிறிய பிளாஸ்டிக் கார்களைச் செய்து வந்தது. 1958 இல் அவற்றைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியில் மூன்று வழி: ஆலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்கரித்து உருமாற்றிக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். செதுக்கத் தெரியவேண்டியதில்லை. பசையும் பொறுமையும் போதும்.

கைத்திறன் இத்துடன் செத்தது என்று அக்காலத்து முதியவர்கள் சொல்லியிருப்பார்கள். நானும் முதலில் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். ஆனால் மூன்று வழியில் ஒன்றைக் கட்டினால் மற்ற இரண்டின் பாகங்கள் மிஞ்சுமல்லவா? மிஞ்சிய சில்லுகள், இயந்திரங்கள், ஆசனங்கள் எல்லாம் ஒரு பழைய பெட்டியில் சேரும். அயல்வீட்டுப் பையனிடமும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். எனக்கு உன் இயந்திரம், உனக்கு என் சில்லு என்று பண்டமாற்று ஆரம்பமாகும். ஒரு காரின் உடலை வெட்டி இன்னொன்றின் அடிச்சட்டத்தில் ஏற்றுவார்கள். பெட்டியில் அடைத்தவர்கள் நினையாத கார்கள் அப்படிப் பிறந்தன. 1962 இல் அமெரிக்காவில் மாதிரிக் கார்களுக்கென்றே ஒரு சஞ்சிகை தோன்றியது. 1979 இல் இன்னொன்று. வாசகர்கள் தாங்கள் செய்ததைப் படமெடுத்து அனுப்பினார்கள், வர்ணம் வெடிக்காமலிருக்க வழி சொன்னார்கள், பிறர் வேலையைப் பாராட்டினார்கள், சில வேளை சண்டையும் பிடித்தார்கள். ஒரு கொம்பனி மேலிருந்து நடத்தியதை, பொழுதுபோக்காளர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொண்டார்கள். அதற்குப் புலமைப்பரிசில் எதுவும் கிடைக்கவில்லை.

பிஷர் கழகத்துப் பிள்ளைகள் செய்தவற்றுட் சில இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளன. ஜோர்டன் 1992 இல் ஓய்வுபெற்றார். பின்னர் கலிபோர்னியாவில், பதின்ம வயது மாணவர்களுக்குக் கார் வடிவமைக்கக் கற்றுக்கொடுத்து வந்தார். 2010 இல் காலமானார்.