திருக்கோயிலும் திருக்குளமும்

குடமுழுக்கு என்னும் சொல், குடத்து நீரால் முழுக்காட்டுதல் எனப் பொருள்படும். எத்துணைப் பொருள் செலவிட்டு எழுப்பிய கோயிலாயினும், மந்திர நீர் கலசத்தின்மீது சொரியப்பெறும் அந்த நற்கணத்திலேதான் திருப்பணி நிறைவுறுகின்றது. யாகசாலையில் அமைக்கப்பெறும் கும்பத்தை இறைவனது திருமேனியாகவே ஆன்றோர் கொண்டனர். குடம் உடல், அதன்மேற் சுற்றிய நூல் நாடி நரம்பு, உள்நிறைந்த நீர் குருதி என்பது அவர்தம் கருத்து. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே என்று மருத்துவ நூலார் கூறுவதை இதனோடு வைத்து எண்ணுமிடத்து, முன்னோர் உள்ளம் சென்ற திறம் புலனாகும்.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் ஒருங்கே போற்றுவது நம் நாட்டு மரபு. பஞ்சபூதத் தலங்களுள் நீர்த்தலமாகிய திருவானைக்காவில், கருவறையிலேயே நீர் ஊறி இறைவனைச் சூழ்கின்றது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இறைவனுக்குத் திருமஞ்சனமாகும் நீரே ஊரார்க்குக் குடிநீரும் உலைநீரும் ஆகின்றது என்பதைப் பண்டையோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆதலின் கோயில் எடுத்தோர் குளமும் தொட்டனர்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் திருமாலுக்குக் குடைவரைக் கோயில் ஒன்று அமைத்தான். அக்கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்ததென்று அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. ஏரியும் கோயிலும் மன்னனின் பெயரையே தாங்கி நின்றன.

மன்னர் செய்த இப்பணியை எளிய அடியார்களும் செய்தனர். திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருக்குளத்தின் அளவு சுருங்கக் கண்டு, அதனைத் தோண்டிப் பெருக்க விழைந்தார். குளத்தினுள் ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்து கொட்டினார். அவர் கண்பெற்றது அக்குளத்து நீரில் மூழ்கி எழுந்தபோதுதான் என்று பெரியபுராணம் உரைக்கின்றது. திருவாரூரிற் கோயில் ஐந்து வேலி, கமலாலயக் குளமும் ஐந்து வேலி என்பது வழிவழி வரும் கணக்கு. திங்களூர் அப்பூதியடிகளோ, திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றார்.

குளம் தொடுதல் ஒருநாட் பணி. அதனைக் காத்தல் தலைமுறைப் பணி. இதனை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தெளிவுறக் காட்டுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்றவை அவை. குடவோலை முறையால் தெரிந்தெடுக்கப்பெற்ற ஏரி வாரியத்தார் அறுவர், 360 நாள் பணிபுரிந்தனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அவ்வூர் வைரமேகத் தடாகத்தில் தூர் அகற்றுதற்குக் கொடை அளித்த செய்தியும் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றது. விளக்கெரிக்க நெய் அளித்ததைப் போலவே, சேறு அள்ளப் பொருள் அளித்ததும் கல்லில் வெட்டத்தக்க அறமாயிற்று.

பராந்தகன் காலத்து அறத்தின் பயன் இன்றும் தொடர்கின்றது. வீரநாராயணன் என்னும் அவனது பட்டப்பெயரால் அமைந்த பேரேரியே வீராணம். அதன் அருகில் உள்ள காட்டுமன்னார்கோயில், வைணவ ஆசாரியர் நாதமுனிகள் தோன்றிய தலம். 2004-ஆம் ஆண்டு முதல் அவ்வேரி நீர், 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் குழாய்வழிக் கடந்து சென்னை மக்களின் அடுக்களைக்கும் வருகின்றது.

திருக்குளம் ஊரின் கண்ணுக்கு இனிய காட்சி மட்டுமன்று. வரத்து வாய்க்கால் வழியே வந்து தேங்கும் மழைநீர், குளத்தின் அடிமண்ணில் ஊறி, சுற்றுத்தெருக் கிணறுகளை ஊட்டுகின்றது. குளம் வற்றின் கிணறும் வற்றும். குடிப்பதற்கென ஊருணியைத் தனியே அமைத்து, அதில் குளித்தலையும் துணி வெளுத்தலையும் விலக்கி வைத்தமை நம்மவரின் நல்லொழுக்கம். 1884-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் காக், கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலே வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். அக்குளத்து நீரையே அயலார் குடித்தற்கும் கொண்டனர். துணி துவைத்தலும் அதிலேயே நிகழ்ந்தது. ஊருணிக் கட்டுப்பாட்டின் அருமை இதனால் விளங்கும். கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிவிப்பதும் பழைய இல்லற வழக்கமே. ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. அதனைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுதலே நலம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இரயில்வண்டியில் குடிநீர் கொணரப்பட்டது. அதே காலத்தில், காஞ்சியில் அனந்தசரஸ் திருக்குளத்தினின்று எழுந்தருளிய அத்திவரதரை, சூலை முதல் நாள் தொடங்கி 48 நாட்கள் இலட்சக்கணக்கானோர் தரிசித்தனர். முன்னர் அவர் எழுந்தருளியது 1979-இல். நாற்பதாண்டுக்கு ஒருமுறை குளத்து நீரை இறைத்து, எம்பெருமானை வெளிக்கொணர்ந்து, மீண்டும் நீருள்ளேயே எழுந்தருளச் செய்யும் அவ்விழாவில் குளம் பேணுதலும் வழிபாட்டின் கூறாகின்றது. ஒருபுறம் வறண்ட ஏரியும் மறுபுறம் குளத்துட் பள்ளிகொள்ளும் பெருமாளும் அவ்வாண்டு அடியார் உள்ளத்திற்கு உணர்த்தியது ஒன்றே: நீர்நிலையைக் கைவிடுவோர் தெய்வத்தின் இருப்பிடத்தையே கைவிடுகின்றனர்.

இன்று பல ஊர்களிற் கோபுரம் புதுவண்ணம் பெற, குளமோ வரத்து வாய்க்கால் அடைபட்டுப் பாழ்பட்டுக் கிடக்கின்றது. குடமுழுக்கிற்குப் பொருள் வழங்கும் கொடையாளர், அதில் ஒரு பங்கைத் தூர் எடுத்தற்கும் வாய்க்காலைத் திறத்தற்கும் படித்துறை செப்பனிடுதற்கும் ஒதுக்குவாராயின், அதுவும் திருப்பணியே. அடிமண்ணைச் சிமிட்டியால் மூடாது விடுதலும், கழிவுநீர் கலவாது காத்தலும் ஊரார் கடன். பொருள் இல்லாதார் கூடை மண் சுமக்கலாம். தண்டியடிகள் காட்டிய வழி எல்லார்க்கும் உரியது.

கலசத்து நீர் திருமுடியை நனைக்கும் நன்னாளில் திருக்குளமும் நிறைக. ஊர்க் கிணறுகள் ஊறுக. மனைதோறும் நலம் பெருகுக. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் இதற்குத் துணைநிற்பதாக.