கண்மாய் என்ற வங்கி: மதுரை மண்ணின் வரவு செலவுக் கணக்கு

மதுரை கே.கே. நகரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைப் பற்றி யோசித்திருப்பார்கள்? தாவணி என்றால் மாட்டுச்சந்தை. பேருந்துகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே மாடுகள் கைமாறிக்கொண்டிருந்தன. கே.கே. நகரின் இன்னொரு பக்கம் வண்டியூர் கண்மாய். மாடும் கண்மாயும்! இந்த இரண்டும்தான் ஒரு காலத்தில் மதுரையைச் சுற்றியிருந்த வயல்களுக்கு உரக்கடை. பணம் கொடுக்காமல் உரம் வாங்கிய கடை.

அந்தக் கடை எப்படி நடந்தது, எப்படி மூடப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு கணக்குகள்

ஒரு வயலுக்குள் இரண்டு பொருள்கள் வருகின்றன. ஒன்று ஆற்றல், மற்றொன்று சத்து. இரண்டும் ஒன்றல்ல.

ஆற்றல் சூரியனிடமிருந்து வருகிறது. நெற்பயிர் அதைப் பிடித்து வைக்கோலாகவும் நெல்லாகவும் மாற்றுகிறது. வைக்கோலை மாடு தின்கிறது, நெல்லை மனிதன் உண்கிறான். ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அடுத்த படிக்குப் போகிறது என்பார்கள். செலவான ஆற்றல் திரும்பி வராது. அது தினக்கூலி மாதிரி. அன்றைக்கு வந்தது அன்றைக்கே தீர்ந்துவிடும், மறுநாள் சூரியன் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

சத்து அப்படியல்ல. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று விவசாயிகள் சொல்லும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவை அழிவதில்லை, இடம் மாறுகின்றன. மண்ணிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து மாட்டுக்கு, சாணத்தின் வழியாக மறுபடி மண்ணுக்கு. வணிகவியல் மொழியில் சொன்னால் இது சுழல் மூலதனம். சுற்றிக்கொண்டே இருந்தால் தொழில் நடக்கும். ஓரிடத்தில் முடங்கினால் ஒரு பக்கம் பஞ்சம், இன்னொரு பக்கம் தேக்கம்.

இதை அறிவியல் தெளிவாகச் சொல்லத் தொடங்கியது ஒரு சின்ன ஏரியிலிருந்துதான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் போக் ஏரி என்று ஒன்று. ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் தன் மனைவி எலியனோரின் துணையோடு ஐந்து ஆண்டுகள் அந்த ஏரியில் பாசி முதல் மீன் வரை கணக்கெடுத்தார். ஏரி முழுவதையும் ஒரே அமைப்பாகப் பார்த்து, அதற்குள் ஆற்றல் எப்படிப் படிப்படியாகப் போகிறது என்று எழுதினார். அந்தக் கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது! ஹட்சின்சன் என்ற பேராசிரியர் வாதாடிய பிறகே 1942-ல் வெளிவந்தது. அதைப் பார்க்க லிண்டமன் இல்லை. சில மாதங்களுக்கு முன், 27 வயதுகூட நிறையாமல் இறந்துபோனார்.

லிண்டமன் ஏரியில் பார்த்த அதே பாடம் மதுரைச் சமவெளியில் வேறு மொழியில் பல நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

வங்கியில் போட்டு எடுத்தார்கள்

மதுரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. கொட்டும் மழை மேட்டு நிலத்தின் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். இலைதழை, சாணம், ஆட்டுப்புழுக்கை எல்லாம் அதோடு போகும். தடுக்காவிட்டால் அத்தனையும் வைகை வழியாக ஊரைத் தாண்டிவிடும்.

கண்மாய் அதைத் தடுத்து நிறுத்தியது. நாம் கண்மாயைத் தண்ணீர்த் தொட்டியாக மட்டுமே நினைக்கிறோம். உண்மையில் அது சத்துக்கான சேமிப்பு வங்கியும்கூட. ஓடிவந்த நீர் கண்மாயில் நின்றதும் மண் அடியில் படியும். அதுதான் வண்டல். மதுரைப் பக்கத்தில் கரம்பை என்பார்கள். தலைக்குத் தேய்த்துக் குளிக்கக்கூட அந்தக் கரம்பையை எடுத்தவர்கள் உண்டு.

இந்த வங்கியிலிருந்து பணம் எடுக்கும் வழிகள் பல.

முதல் வழி மடை. பழைய குமிழித் தூம்புகளில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை என்று இரண்டு வகைத் துளைகள் இருந்தன. மேல்துளை வழியாகத் தெளிந்த நீர் போகும். கீழ்த்துளை வழியாகச் சேறு கலந்த நீர் வயலுக்குப் போகும். பாசனமும் உரமும் ஒரே வாய்க்காலில்!

இரண்டாவது வழி மாட்டுவண்டி. கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பையை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். செம்மண் நிலத்துக்கு இது இரட்டை லாபம். சத்தும் சேரும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் களியும் சேரும். கண்மாய்க்கோ தூர் வாரிய கணக்கு. ஒரே வேலையில் இரண்டு பக்கமும் வரவு.

மூன்றாவது வழி மீன். தண்ணீர் குறைந்ததும் ஊரே இறங்கி ஊத்தாவும் கச்சாவும் கொண்டு விராலும் கெளுத்தியும் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா இன்றும் மதுரை, சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் நடக்கிறது. வண்டலின் சத்து பாசியாகி, பாசி மீனாகி, மீன் குழம்பாகி மனிதனிடம் வந்து சேர்கிறது.

இதோடு கிடை போடுவதும் உண்டு. அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவார்கள். பகலில் காட்டிலும் கரட்டிலும் மேய்ந்த ஆடு இரவில் வயலில் புழுக்கை போடும். எங்கோ கிடந்த சத்து நான்கு காலில் நடந்து வந்து வயலில் இறங்குகிறது. கீதாரிக்கு நெல்லோ பணமோ கூலி.

பறவைகளும் இந்தக் கணக்கில் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில், நீர்ப்பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரை உரமாக்குகிறது என்று ஊர்மக்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லியோனல் பிளேசிடம் முறையிட்டு பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். மதுரைக்குப் பக்கத்தில் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்மக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வங்கியைக் காத்தவர்கள்

மதுரையில் நீர் மேலாண்மையின் வயது சாதாரணமானதல்ல. பாண்டிய மன்னன் செழியன் சேந்தன் மதகு அமைத்ததைச் சொல்லும் 7-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு வைகை ஆற்றிலேயே கிடைத்திருக்கிறது. ஆனால் மன்னன் கட்டிவிட்டுப் போனால் மட்டும் போதுமா? ஆண்டுதோறும் தூர் வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும், மடையைத் திறந்து மூட வேண்டும். அதற்கு நீர்க்கட்டி, மடையர் போன்றவர்கள் இருந்தார்கள். மானிய நிலங்கள் இருந்தன. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வேலை செய்யும் குடிமராமத்து இருந்தது.

இதை எல்லோரும் சமமாக வாழ்ந்த பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். மண் வெட்டிச் சுமந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக வயல் கிடையாது. சத்து யாருடைய வயலுக்குப் போனது என்பதைச் சாதியும் நிலவுரிமையும்தான் தீர்மானித்தன. இந்தச் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

முதல் விரிசல்

1801-க்குப் பிறகு கர்நாடகப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நிலவரி வசூல் இறுகியது, மானியங்கள் சுருங்கின, குடிமராமத்து தளர்ந்தது. 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அந்தப் பழக்கத்தைச் சட்டத்தால் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். ஊரார் தாமாகச் செய்த வேலை சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை.

அடுத்து 1882-ன் சென்னை வனச்சட்டம். மேய்ச்சலுக்கும் தழை வெட்டுவதற்கும் காடுகளில் கட்டுப்பாடு வந்தது. மலையிலிருந்து வயலுக்கு வந்த சத்தின் பாதை குறுகியது.

மூன்றாவதாக ஏற்றுமதி. இந்திய விவசாயத்தை ஆராய 1889-ல் வந்த அகஸ்டஸ் வோல்கர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1893-ல் அறிக்கை வெளியிட்டார். எண்ணெய் வித்துக்களும் எலும்பும் கப்பலேறுவதால் மண்ணின் வளமே வெளியேறுகிறது என்பது அவர் எச்சரிக்கை. விறகு கிடைக்காததால்தான் சாணம் அடுப்புக்குப் போகிறது என்பதையும் அவர் கவனித்தார். விவசாயிக்கு அறிவில்லை என்று பேசப்பட்ட காலத்தில் அவர் விவசாயியின் பக்கம் பேசினார்.

1895-ல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. மேலூர்ப் பக்கம் பசுமையானது. இந்த நன்றியை மதுரை என்றும் மறக்காது. 1959-ல் வைகை அணையும் வந்தது. ஆனால் அணையில் நீர் நிற்கும்போது வண்டலும் அங்கேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் வந்தது, அதோடு வர வேண்டிய மண் வழியில் நின்றுவிட்டது.

மூட்டையில் வந்த சத்து

1906-ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை தொடங்கியது. இந்தியாவில் ரசாயன உரத்தின் பிள்ளையார்சுழி அதுதான். ஜெர்மனியில் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக்கும் வழியைக் கண்டார். போஷ் அதை 1913-ல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். பசுமைப் புரட்சிக் காலத்தில் மணலியில் 1971-லும் தூத்துக்குடியில் 1975-லும் பெரிய உர ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின.

யூரியாவைத் திட்டுவது சுலபம். பஞ்சத்துக்குப் பயந்த நாடு வயிறார உண்டதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். யூரியா செய்யப் பெட்ரோலியப் பொருளோ எரிவாயுவோ வேண்டும். அது பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சூரிய ஆற்றல். பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு மூட்டை வாங்கினால் வேலை முடிந்தது என்றானபின் கரம்பை வெட்ட யார் போவார்கள்? டிராக்டர் வந்தது, வண்டிமாடு போனது. கண்மாய் தூர்ந்தது. தூர்ந்த கண்மாய் காலி மனையாகக் கண்ணில் பட்டது. 2004-ல் தொடங்கிய உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கும் இடம் உலகநேரி கண்மாய் என்பது மதுரைக்காரர்கள் அறிந்ததே.

பசியும் அஜீரணமும்

இப்போது வண்டியூர் கண்மாய்க்குத் திரும்புவோம். மேலூர் வயலில் விளைந்த நெல் மதுரை நகரத்துக்கு வருகிறது. நாம் சாப்பிடுகிறோம். அதிலிருந்த மணிச்சத்தும் தழைச்சத்தும் எங்கே போகின்றன? சாக்கடைக்கு. சாக்கடையில் ஒரு பகுதி கண்மாய்க்கு. அங்கே அவற்றைத் தின்று ஆகாயத் தாமரை செழிக்கிறது. அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்கிறது. மீன் செத்து மிதக்கிறது.

சத்து இப்படி விஷமாகுமா என்று கேட்டால், 1973-ல் கனடாவில் நடந்த சோதனையைச் சொல்லலாம். 226 என்ற எண் கொண்ட ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கரியும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி படர்ந்து பச்சையானது.

ஆக, முன்பு வண்டி கட்டிப் போய் எடுத்து வந்த அதே சத்துதான் இன்று கண்மாயின் மூச்சை அடைக்கிறது. வயல் பசியோடு கிடக்கிறது, கண்மாய் அஜீரணத்தில் கிடக்கிறது. நடுவில் இருந்த வண்டிப்பாதை மறைந்துவிட்டது.

பாதை திரும்புமா?

நகரத்துக்குள்ளும் இந்தச் சுழற்சியைக் கட்ட முடியும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி உண்டு. அவனியாபுரத்தில் கழிவுநீரைப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்த பண்ணை இருந்தது. இன்று அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நகரத்தின் கழிவு முழுவதும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முதல் தேவை.

2017-ல் தமிழக அரசு விவசாயிகள் நீர்நிலைகளில் இலவசமாக வண்டல் எடுக்க அனுமதித்தது. அதே ஆண்டு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டமும் வந்தது. 2024-ல் வட்டாட்சியரிடமே வண்டலுக்கு அனுமதி பெறலாம் என்று நடைமுறை எளிதானது. நல்ல காரியம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். வண்டல் என்ற பெயரில் செங்கல் சூளைக்கும் மனைக்கும் மண் போகக் கூடாது. சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்த நகரத்துக் கண்மாய் மண்ணைச் சோதிக்காமல் வயலில் கொட்டவும் கூடாது.

சூரியன் தன் தினக்கூலியை இன்றும் தவறாமல் கொடுக்கிறது. அதில் குறை இல்லை. குறை மூலதனத்தில். அது தொலைந்துபோகவில்லை, கே.கே. நகருக்குப் பக்கத்திலேயே தண்ணீருக்கு அடியில் முடங்கிக் கிடக்கிறது. அடுத்த முறை வண்டியூர் கண்மாய்க் கரையில் நடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்: அந்த நாற்றம் யாரோ ஒரு விவசாயி காசு கொடுத்து வாங்கிய உரம்!