நிலாவெளிக் கரையின் தேய்ந்த முருகைக்கல்

திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள நிலாவெளிக் கடற்கரையில், புள்ளியோ நட்சத்திரமோ கீறியதுபோன்ற வழுவழுப்பான கற்கள் ஒதுங்குவதுண்டு. உயிர்ச்சுவடு (புதைபடிமம்) என்று நினைத்து எடுக்கப்படும் இவற்றுட் பெரும்பாலானவை அலையில் உருண்டு தேய்ந்த முருகைக்கற்களே.

கரைக்கு அப்பால் சுமார் 1 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலைத் தீவைச் சூழ முருகைக்கற்பாறை வளர்ந்திருக்கிறது; 2003இல் அத்தீவு தேசிய பூங்காவாக்கப்பட்டது. மாரிகால வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது முறியும் கிளைகள் மணலோடு அரைபட்டு வழுவழுப்பாகின்றன.

இனங்காண்பதற்கு முதலில் கல்லை நனைக்க வேண்டும். காய்ந்தபோது வெறும் வெள்ளையாகத் தெரிவது, நனைத்துச் சாய்வெயிலில் பிடித்தால் கோலம் காட்டும். அக்கோலத்தில் தெரியும் ஒவ்வொரு சிறு கிண்ணமும் ஓர் உயிரி குடியிருந்த அறை. அதன் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் ஓடும். இக்காலக் கடல்களின் கல்முருகைகளில் இத்தகடுகள் ஆறின் மடங்காக அமையும். தேய்மானம் மேடுகளை வழித்துவிட்டாலும் அறையின் குறுக்குவெட்டு எஞ்சும். பென்சிலால் வரைந்த நட்சத்திரம்போலத் தோன்றுவது அதுதான். பொரைட்டீஸ் இனத்தில் அறைகள் ஊசி குத்திய அளவே. மூளைமுருகையில் அவை ஒன்றோடொன்று கலந்து வளைந்தோடும் பள்ளங்களாகும். மிகவும் ஏமாற்றுவது காளான்முருகை: முழுக் கல்லும் ஒரே உயிரியின் கூடு, காளானின் அடிப்புறம்போல நடுவிலிருந்து விரியும் தகடுகள். ஐந்து இதழ் தெரிந்தால் அது கடல்முள்ளெலியின் ஓடு. எலும்பின் உட்புறத்திலும் துளைகள் உண்டு. ஆனால் அவை பஞ்சுபோல ஒழுங்கின்றி இருக்கும்.

வினாகிரித் துளி நுரைத்தால் கல் சுண்ணாம்பு என்று அறியலாம்; படிகக்கல் நுரைக்காது. வயதை இச்சோதனை சொல்லாது. நேற்றுச் செத்த முருகையும் கோடி ஆண்டு கடந்ததும் ஒரேபோல நுரைக்கும்.

வயதே கடினமான கேள்வி. திருகோணமலையின் அடிப்பாறை, கோணேசர் கோயில் நிற்கும் குன்று உட்பட, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. ஓடும் எலும்பும் கொண்ட உயிர்களின் சுவட்டை அதில் எதிர்பார்க்க முடியாது. இலங்கையின் பெயர்பெற்ற உயிர்ச்சுவடுகள் வேறிடங்களில் உள்ளன: யாழ்ப்பாணக் குடாநாட்டின் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிர்களும், இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. பின்னவற்றை ஆராய்ந்தவர் பி. ஈ. பி. தெரணியகல.

முருகையின் கூடு அரகனைற்றுக் கனிமத்தாலானது. நிலத்தடியில் நெடுங்காலம் கிடந்தால் அது கல்சைற்றாக மாறும். துளைகள் அடைபட்டுக் கல் கனக்கும். கையில் எடுத்தவுடன் இலேசாகவும் துளைகள் திறந்தும் இருப்பது அண்மைக்காலத்தது எனக் கொள்ளலாம். ஐயம் தீர, கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்.

புறாமலையிலிருந்து செத்த முருகையையும் எடுத்துச் செல்லக் கூடாது. அளவுக்கு ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, நனைத்த கல்லை இருபுறமும் படமெடுத்தால் இனங்காணப் பெரும்பாலும் அது போதும்.