கேஸ் ஷீட்டைப் படித்துச் சொல்வது யார்?

1995 நவம்பர் 9-ஆம் தேதி சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கே நாளில், 13-ஆம் தேதி, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும். வைத்தியம் பார்த்துக்கொள்பவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அதற்குச் சற்று முன்புதான் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது; அந்தக் கருத்து அடிபட்டுப்போனது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் வரம்புக்கு வெளியே நின்றன என்பது உண்மை. ஆனாலும் ஒரே வாரத்தில் ஏழைக்கு அரசுச் செலவில் வக்கீலும், சிவில் கோர்ட்டைவிட எளிய ஒரு மன்றமும் கிடைத்துவிட்டன. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் பெற வருமான வரம்புகூடக் கிடையாது. பிரசவத்தில் பாதிக்கப்பட்ட எந்தத் தாயும் கேட்கலாம். இவ்வளவும் இருந்தும் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் ஏழைகளுக்கு ஏன் எட்டாமலேயே இருந்தன? வக்கீலை இலவசமாகத் தந்த சட்டம், அவருக்குக் கேஸ் ஷீட்டைப் படித்துச் சொல்ல ஒரு மருத்துவரைத் தரவில்லை. இலவசச் சட்ட உதவியின் வரலாற்றில் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கணிப்பு.

வக்கீல் செலவு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லவரவில்லை. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் நஷ்டஈடு கேட்பவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணம். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளை, கையில் பணமில்லாதவர் கட்டணமின்றி வழக்குப் போட வழி செய்தது. அதற்கு முதலில் தன் வறுமையைத் தனியாக மெய்ப்பிக்க வேண்டும். ‘ஜெயித்தால் பங்கு தருகிறேன்’ என்று வக்கீலோடு பேசிக்கொள்ளும் அமெரிக்க வழக்கத்தையோ இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே பணமில்லாதவருக்கு மிஞ்சியது வக்கீலின் தயவு அல்லது அரசின் உதவி. 1976-இல் 42-ஆவது திருத்தம் 39-ஏ பிரிவைச் சேர்த்து அந்த உதவியை அரசின் கடமையாக்கியது. பெரிய முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர்கள் யார் என்று பாருங்கள். 1953 மே மாதம் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமொன்றில் இருபது வயது இளைஞனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. புனேயில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முழு மயக்க மருந்து கொடுக்காமல், ஆட்களை வைத்துக் காலை இழுத்து எலும்பைச் சேர்த்ததாக வழக்கு; பையன் அன்று இரவே இறந்தான். 1968-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நஷ்டஈடு 3,000 ரூபாய். வழக்குப் போட்ட தகப்பனார் ஒரு மருத்துவர். 2002-இல் ஹைதராபாத்தில் ஒருவர் விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் குளிருமாக இருந்த மனைவியை மருத்துவமனையில் சேர்த்தார். மலேரியாவுக்கு டைபாய்டு வைத்தியம் நடந்தது என்பது அவர் புகார், 2010-இல் ஜெயித்தார். அவருக்கு வேலை மலேரியா துறையில். 1998-இல் மனைவி அனுராதாவை இழந்து, 2013-இல் சுமார் 6 கோடி ரூபாய் நஷ்டஈட்டுத் தீர்ப்பைப் பெற்ற குணால் சாஹாவும் மருத்துவர்தான். மூன்று வழக்குகளை வைத்து விதி எழுதலாமா என்று கேட்கலாம். எழுதக்கூடாதுதான். ஆனால் இவை ஓரத்துப் பக்கம் கிடக்கும் வழக்குகள் அல்ல. இத்துறையில் வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுபவை. வார்டில் என்ன பிசகியது என்று தாமாகவே புரிந்துகொள்ளக்கூடியவர்கள்தான் அவற்றைத் தொடுத்தார்கள்.

சட்டமே இந்த அறிவை வாசற்படியில் கேட்கிறது. 1957-இல் இங்கிலாந்தில் பிறந்த போலம் விதியின்படி, திறமையுள்ள சக மருத்துவர்கள் ஏற்கும் முறையில் நடந்துகொண்டவர் கவனக்குறைவானவர் அல்ல. 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு இதைத் தழுவியதோடு, கிரிமினல் வழக்குக்கு முன் சுதந்திரமான மருத்துவக் கருத்து வேண்டும் என்றது. 2009-இல் வேறொரு அமர்வு நுகர்வோர் மன்றத்துக்கும் அதையே நீட்டியது. மேலே சொன்ன மலேரியா வழக்கில்தான் அது திருத்தப்பட்டது: எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை, வெளிப்படையான பிசகு தானே பேசும். அவுரங்காபாத்தில் 1963-இல் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையின்போது ஒரு தாயின் வயிற்றுக்குள் துண்டை விட்டுத் தைத்தது அப்படிப்பட்ட பிசகு. அதற்கே 36,000 ரூபாய் தீர்ப்பு உறுதியாக 1996 வரை ஆனது. எல்லாத் தவறும் துண்டுபோல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்டில் 29-ஆவது வாரத்திலேயே 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தையின் வழக்கு இதற்குச் சரியான சாட்சி. இன்குபேட்டரில் ஏறக்குறைய 25 நாள் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் பிறந்த சில வாரங்களில் கோளாறு தலைதூக்கலாம். அந்த நேரத்துக்குள் கண்ணைப் பரிசோதித்தால் காப்பாற்ற வழியுண்டு. பரிசோதிக்கவில்லை, பார்வை போய்விட்டது. செய்யாமல் விட்ட ஒரு பரிசோதனையைக் கேஸ் ஷீட்டில் எப்படித் தேடுவது? இல்லாத வரியைக் கண்டுபிடிக்க, அங்கே என்ன வரி இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் குழு 2007-இல் அறிக்கை தந்த பிறகே அது ஐயமறத் தெளிவாயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம்.

இலவசமாக வக்கீலும் மருத்துவரும் கொடுத்தால் ஆளாளுக்கு வழக்குப் போடுவார்கள், டாக்டர்கள் பயந்து கஷ்டமான நோயாளியைத் தொடவே மாட்டார்கள் என்ற ஆட்சேபம் பழையது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஆதாரமில்லாத வழக்கை முளையிலேயே கிள்ளக்கூடியவர் மருத்துவர்தான். “இது சிக்கல், தவறல்ல” என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் குடும்பத்துக்கும் அலைச்சல் மிச்சம், டாக்டருக்கும் பெயர் மிச்சம். நுகர்வோர் மன்றத்தில் வக்கீலே வேண்டாம் என்பது இன்னொரு வாதம். எதிர்த்தரப்பில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் உட்கார்ந்திருக்கும்போது அது ஏட்டுச் சுரைக்காய். சக மருத்துவருக்கு எதிராக எந்த டாக்டர் கையெழுத்துப் போடுவார் என்று கேட்பவர்களுக்கு, எழும்பூர் வழக்கில் போட்டார்கள் என்பதே பதில். நுகர்வோர் ஆணையம் கேட்டது, அரசு மருத்துவர்கள் எழுதினார்கள்.

1987-இல் இயற்றி 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் ‘சட்டப் பணி’ என்பதை வழக்கு நடத்த உதவும் எந்தப் பணியும் என்று விரிவாகவே வரையறுக்கிறது. மருத்துவக் கருத்துக்கு ஊதியம் கொடுப்பதை அதற்குள் அடக்க முடியும். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரச் சொல்கின்றன. அதே ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் வந்த திருத்தம் மருத்துவமனைச் சேவையை நிரந்தர லோக் அதாலத்தின் வரம்பில் சேர்த்தது. நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு இரண்டே ஆண்டு. முதல் மாதத்திலேயே கேஸ் ஷீட்டை வாங்கி, ஒரு மருத்துவரின் மேசைக்கு அனுப்ப இலவச வக்கீலுக்கு வழியிருந்தால்தான் அந்த இரண்டு ஆண்டு போதும்.